பஞ்சாயத்தில் ஓர் இடமும் பணத்திற்கு ஒரு காவலும்

மரக்காணம் கடற்கரையில் வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்ததும் அதன்மீது கீற்று வேய்வார்கள். வேயாது விட்டால் ஒரே மழையில் உழைப்பெல்லாம் கரைந்துவிடும். உரிமையும் அத்தகையதே, பெற்றால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும்.

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் இரு மசோதாக்களைக் கொண்டுவந்தார். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத் திறனாளிகளை நியமன அங்கத்தினர்களாக அமர்த்த வழி செய்யும் அவற்றைப் பேரவை நிறைவேற்றியது. கிராமப் பஞ்சாயத்துகளிலும், 388 ஒன்றியங்களிலும், 37 மாவட்டப் பஞ்சாயத்துகளிலும் ஒவ்வொருவர் இடம்பெறுவர் என்று அப்போது தெரிவிக்கப்பட்டது.

இதனால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். சாய்தளம் எங்கே வேண்டும், எவருடைய உதவித்தொகை தடைப்பட்டது என்பவற்றைத் தம் அனுபவத்தால் அறிந்தவர் மன்றத்தில் எடுத்துரைப்பார். அந்த உதவித்தொகைக்கும் இக்காலத்தில் காவல் தேவைப்படுகிறது.

குயிலாப்பாளையம் சென்றிருந்தபோது பார்வை குன்றிய பெரியவர் ஒருவரைக் கண்டேன். கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைப் படித்துச் சொல்லுமாறு, தேநீர்க் கடையில் எதிர்ப்பட்டவரிடம் கைப்பேசியையே நீட்டினார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. படித்துக் காட்ட வேறு ஆள் இல்லை. ஆனால் அந்த எண் பணப்பெட்டியின் திறவுகோலுக்கு ஒப்பாகும். “உதவித்தொகை நின்றுவிடும், எண்ணைச் சொல்லுங்கள்” என்று தொலைபேசியில் மிரட்டும் மோசடிக்காரர் நாடுவதும் அதனையே.

உப்பு வாரித் தேய்ந்த விரலின் ரேகை கருவியில் பதியாமற் போவதும் உண்டு. இத்தகைய இடையூறுகள் உச்ச நீதிமன்றத்தின் கவனத்திற்கும் வந்துள்ளன. அமில வீச்சினால் கண் இமைக்க இயலாதோர் வங்கி அடையாளச் சோதனையில் பட்ட துன்பம் பற்றிய வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று, மின்னணுச் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதியே என அது தீர்ப்பளித்தது. மாற்று வழிகள் அமைக்குமாறு கூறி, 20 கட்டளைகளையும் பிறப்பித்தது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, வங்கியோ அரசு அலுவலகமோ தொலைபேசியில் ஓ.டி.பி. எண்ணைக் கேட்பதில்லை என்பதைக் கிராம சபையில் விளக்குதல். இரண்டாவது, எழுத்தைக் குரலாகப் படித்துக் காட்டும் வசதி பல கைப்பேசிகளிலேயே உண்டு; அதனை இயக்கப் பார்வையற்றோருக்குக் கற்பித்தல். மூன்றாவது, பணம் பறிபோனால் தாமதியாது 1930 என்ற எண்ணிற்குத் தெரிவிக்க உதவுதல். விரைந்து சொன்னால், பணம் கைமாறுமுன் அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

இப்பணிக்கு நியமன அங்கத்தினரையே தலைமை ஏற்கச் செய்யலாம். தம் பணத்தைப் பிறர் கையை எதிர்பாராது ஒருவர் தாமே எடுக்கும் நாளில்தான், மன்றத்தில் தந்த இடம் வீட்டிலும் பயன் தந்ததாகும்.