எட்டுக்குள் அடங்க வேண்டிய நால்வர்

லாஸ் ஏஞ்சலிஸ் பாராலிம்பிக் 2028 ஆகஸ்ட் 15-இல் தொடங்குகிறது. அதற்குள் அணிகள் ஆட்களைப் பொறுக்கி முடிக்க வேண்டும். இந்த வேளையில், ஆஸ்திரேலிய சக்கர நாற்காலி ரக்பி வீரர் ரைலி பேட் பற்றி வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. இரு கால்களும் இல்லாமல் பிறந்தவருக்கு உச்சப் புள்ளியான 3.5 தந்திருக்கிறார்களே, அது சலுகையா?

அந்த 3.5 அணிக்குச் செலவு. வீரரின் உடலில் எவ்வளவு இயக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப 0.5 முதல் 3.5 வரை புள்ளி போடுகிறார்கள். இயக்கம் கூடினால் புள்ளியும் கூடும். இந்த ஆட்டத்தில் சேரக் கால் பாதிப்பு மட்டும் போதாது, கைகளிலும் பாதிப்பு இருக்க வேண்டும். பேட்டுக்கு ஒட்டிப் பிறந்த விரல்களை அறுவை சிகிச்சையில்தான் பிரித்தார்கள்.

களத்தில் இறங்கும் நால்வரும் ஆண்கள் என்றால் அவர்களின் கூட்டுப்புள்ளி 8-ஐத் தாண்டக் கூடாது; பெண் ஒருவர் இருந்தால் அரைப் புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். ஆட்டத்தின் சூட்சுமம் முழுக்க இந்தக் கூட்டலில் இருக்கிறது. பேட் இறங்கினால் மிச்சம் 4.5. இன்னொரு 3.5 வீரரான கிறிஸ் பாண்டும் சேர்ந்தால் மிச்சம் 1. அதை இரண்டு 0.5 வீரர்கள்தான் நிரப்ப முடியும். அதாவது, ஆண்கள் மட்டும் இறங்கும்போது, மிகக் கடுமையான பாதிப்புள்ள இருவரின் துணை இல்லாமல் அந்த வலுவான ஜோடி ஒன்றாக ஆடவே முடியாது. 2000 சிட்னி முதல் 2016 ரியோ வரை ஐந்து பாராலிம்பிக் கண்ட நாசிம் எர்டெம் அப்படியொரு 0.5 வீரர். இவர்களுடைய நாற்காலியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, எதிராளியின் நாற்காலியைக் கொக்கிபோட்டு நிறுத்தும். அப்படித் திறக்கும் வழியில்தான் பந்தோடு வருபவர் கோல் கோட்டைக் கடக்கிறார். 2012 லண்டன் இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியா கனடாவை 66-51 என வென்றது. அதில் பேட் போட்ட கோல்கள் 37. வழி திறந்தவர்களின் உழைப்பு கோல் கணக்கில் ஏறவில்லை.

இந்தப் புள்ளி முறை அனைவருக்கும் சம வாய்ப்புத் தருகிறது என்கிறார்கள் அமைப்பாளர்கள். அதை அப்படியே ஏற்க முடியவில்லை. புள்ளி போட்டு வகைப்படுத்தும் குழு தசை வலுவைச் சோதிக்கிறது, ஆட்டத்தையும் நேரில் கவனிக்கிறது. பயிற்சியால் வந்த திறமைக்காகப் புள்ளியை ஏற்றக் கூடாது. ஆனால் பயிற்சி எங்கே முடிகிறது, உடலின் இயல்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது கடினம். 2.0 வீரர் ஒருவரை 2.5 ஆக்கினால் அவர் உடல் அப்படியேதான் இருக்கும், அணியின் கூட்டல்தான் உடையும். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு அவர் வெளியே உட்கார நேரலாம். அரைப் புள்ளிக்கு இவ்வளவு அதிகாரம் இருக்கும்போது, அதற்கான காரணத்தை வீரருக்குப் புரியும்படி விளக்குவது அமைப்பின் கடமை.

வாசகர்களின் மற்ற கேள்விகளுக்கும் சுருக்கமாகப் பதில். பேட் எப்போது ஆட வந்தார்? 12 வயது வரை சக்கர நாற்காலியே வேண்டாமென்று ஸ்கேட்போர்டில் திரிந்தவர், 15 வயதில் 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் ஆடினார்.

அவருடைய பாராலிம்பிக் பதக்கங்கள்? 2008-இல் வெள்ளி, 2012-லும் 2016-லும் தங்கம், 2024-இல் வெண்கலம்.

மோதலாமா? நாற்காலியோடு நாற்காலி மோதலாம், உடலில் இடிக்கக் கூடாது.

பெண்கள் ஆடலாமா? ஆடலாம், இது கலப்பு ஆட்டம்.

புதிதாகப் பார்ப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்? பந்து கையில் இல்லாத அந்த இரண்டு 0.5 வீரர்களை.