நீண்ட ஆயுளுக்கு என்ன காப்பீடு?

காசநோய்க்கு அஞ்சிய காலத்தில் வளர்ந்த தொழில் இப்போது முதுமைக்கும் தீரா நோய்க்கும் விலை போடுகிறது. பாலிசிதாரர்கள் பலர் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள்.

தெற்கு கொல்கத்தாவின் ஜாதவ்பூரில், ராஜா எஸ்.சி. மல்லிக் சாலையில் இன்று ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதே வளாகத்தில் முன்பு இருந்தது, டாக்டர் குமுத் சங்கர் ராய் 1920களில் தொடங்கிய காசநோய் மருத்துவமனை. வங்கக் கவிஞர் சுகாந்த பட்டாசார்யா 1947 மே மாதம் இங்குதான் இறந்தார். அப்போது அவருக்கு வயது 20.

நோயாளிகள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த அந்த இடம் பொது மருத்துவமனையாக மாறியதன் பின்னணியில் இருக்கும் காரணங்களே ஆயுள் காப்பீட்டையும் தலைகீழாக மாற்றியிருக்கின்றன. அன்றைய பயம், சம்பாதிப்பவர் இளம் வயதில் போய்விடுவாரோ என்பது. இன்று அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: சம்பாத்தியம் நின்ற பிறகு 25 வருடம் வாழ வேண்டியிருந்தால் பணத்துக்கு எங்கே போவது?

இந்தியாவில் இந்தத் தொழில் கால் பதித்ததே கல்கத்தாவில்தான். 1818ல் இங்கு உருவான ஓரியண்டல் லைஃப் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஐரோப்பியர்களுக்காகத் தொடங்கப்பட்டது. இந்திய உயிர்கள் 'தரம் குறைந்தவை' என்று கருதப்பட்டதால், இந்தியர்கள் கூடுதல் பிரிமியம் கட்ட வேண்டியிருந்தது. 1870ல் தொடங்கிய பம்பாய் மியூச்சுவல்தான் அவர்களையும் சாதாரணக் கட்டணத்தில் சேர்த்துக்கொண்டது. சுதேசி அலையில் 1906ல் சென்னையில் யுனைடெட் இந்தியாவும், 1907ல் கல்கத்தாவில் தாகூரின் ஜோராசாங்கோ வீட்டு அறை ஒன்றில் ஹிந்துஸ்தான் கோ-ஆபரேடிவும் பிறந்தன. 1956ல் 245 இந்திய, அந்நிய நிறுவனங்களையும் சேமநிதிச் சங்கங்களையும் அரசு தன்வசம் எடுத்துக்கொள்ள, எல்.ஐ.சி. உருவானது.

சென்னை தந்த திருப்பம்

அதே 1956ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கியது. சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வுமாக இருந்த நோயாளிகளையும், நெரிசலான வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்ட ஏழை நோயாளிகளையும் அது ஒப்பிட்டது. 1959ல் வெளியான முடிவு மருத்துவ உலகை ஆச்சரியப்படுத்தியது. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். உலகெங்கும் சானடோரியங்களின் தேவை குறையத் தொடங்கியது.

காசநோய் ஒழிந்துவிடவில்லை. உலகின் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இன்றும் இந்தியரே. ஆனால் இளம் வயது மரணங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. 1951 வாக்கில் சுமார் 32 ஆக இருந்த இந்தியரின் சராசரி ஆயுள் இப்போது 70ஐ ஒட்டி நிற்கிறது. பிரிமியத்துக்கு அடிப்படையான இறப்பு அட்டவணையும் மாறிக்கொண்டே வந்தது. ஆரம்பத்தில் எல்.ஐ.சி. கையாண்டது 1925-35 அனுபவத்தில் தயாரான அட்டவணையை. பின்னால் வந்த ஒன்று 2012-14 அனுபவத்தைக் கொண்டது.

உயிர் பிழைத்தால் செலவு

மரணம் தள்ளிப்போனபோது நோய் நீண்டது. இதை முதலில் பாலிசியாக மாற்றியவர் ஒரு டாக்டர். தென்னாப்பிரிக்காவின் மாரியஸ் பர்னார்ட், முதல் இதயமாற்று அறுவை செய்த கிறிஸ்டியான் பர்னார்டின் தம்பி. அறுவை சிகிச்சையில் பிழைத்த நோயாளிகள் பணமில்லாமல் திண்டாடுவதைப் பார்த்தவர். அவர் முயற்சியில் 1983ல் வந்ததுதான், தீவிர நோய் கண்டறியப்பட்டாலே மொத்தமாகத் தொகை தரும் பாலிசி. இந்தியாவிலும் 1990களில் எல்.ஐ.சி.யின் 'ஆஷா தீப்' புற்றுநோய், பக்கவாதம் போன்றவற்றைச் சேர்த்துக்கொண்டது. இங்கே கவனிக்க வேண்டியது நோயின் பெயரை அல்ல, பாலிசி அதற்குத் தரும் விளக்கத்தை. ஆரம்பக் கட்டப் புற்றுநோய்க்குப் பல பாலிசிகளில் முழுத்தொகை கிடைக்காது.

ஓய்வூதியப் பாலிசியில் கணக்கு நேர் எதிர். சாதாரண பாலிசியில் வாடிக்கையாளர் சீக்கிரம் இறந்தால் நிறுவனத்துக்கு நஷ்டம். இதில் அவர் நூறு வயது வாழ்ந்தால் நஷ்டம். வாடிக்கையாளருக்கும் ஓர் ஆபத்து உண்டு. மாதம் மாறாத 20,000 ரூபாய் வாங்கும் 60 வயதுக்காரருக்கு, விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 80 வயதில் அதன் வாங்கும் சக்தி சுமார் 6,200 ரூபாய்தான்.

ஜாதவ்பூரைச் சுற்றியுள்ள விஜய்கர் போன்ற காலனிகள், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் எழுப்பியவை. நிலமும் வீடும் இழந்து வந்தவர்களுக்கு முதுமையில் கை கொடுத்தது கூட்டுக்குடும்பம். இப்போது குடும்பம் சுருங்கிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் மேற்கு வங்கத்தில் 1.6, தமிழ்நாட்டில் 1.8. தாய் தந்தையரைப் பார்த்துக்கொள்ள ஒரே பிள்ளை. அவரும் வேறு ஊரில் வேலை பார்ப்பவராக இருக்கலாம்.

பழைய ஆபத்தும் போகவில்லை

இளம் வயது மரணத்தை மறந்துவிடவும் முடியாது என்பதை 2020-21 கொரோனா அலைகள் நினைவூட்டின. இழப்பீட்டுக் கோரிக்கைகள் குவிந்தன. மறுகாப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்ற, டேர்ம் பாலிசிகளின் பிரிமியமும் ஏறியது. பணம் திரும்பி வராத, மரணத்துக்கு மட்டுமான காப்பீடு இது. அதனாலேயே மலிவு. மத்திய அரசின் 2015 ஜீவன் ஜோதி திட்டமும் இந்த வகைதான். ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் காப்பீடு. ஆனால் பாதுகாப்பு 55 வயதில் முடிந்துவிடும்.

ஆனாலும் நம் வீடுகளில் செல்வாக்கு, முதிர்வில் பணம் தரும் எண்டோமென்ட் பாலிசிக்கே. 'போட்ட பணம் வர வேண்டும்' என்ற நியாயமான ஆசை அதற்குக் காரணம். விளைவு, பிரிமியத்தில் பெரும்பங்கு சேமிப்புக்குப் போகிறது. காப்பீட்டுத் தொகை சிறுத்துவிடுகிறது. சம்பாதிப்பவர் போய்விட்டால் குடும்பத்துக்கு வருவது ஓரிரு வருடச் செலவுக்கே போதுமானது.

அன்று காசநோயை மறைத்தவர்கள் உண்டு. இன்று சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறைக்கிறார்கள். சட்டத்தின் 45வது பிரிவுப்படி மூன்று ஆண்டுகள் கடந்த பாலிசியை நிறுவனம் எந்தக் காரணத்துக்காகவும் கேள்விக்கு உள்ளாக்க முடியாது. அதற்குள் மரணம் நேர்ந்தால், மறைத்ததற்கு விலை கொடுப்பது குடும்பம்தான்.

முகவர் அடுத்த முறை வரும்போது 'எவ்வளவு திரும்பி வரும்?' என்பதோடு மூன்று கேள்விகளையும் கேட்கலாம். நாளை நான் இறந்தால் என்ன கிடைக்கும்? படுத்துவிட்டால் என்ன? தொண்ணூறு வரை வாழ்ந்தால் என்ன? ஒரே பாலிசியில் மூன்றுக்கும் போதுமான பதில் கிடைப்பது அபூர்வம்.