ஜேன் ஆஸ்டின் புதினத்தில் முதல் மதிப்பீடும் அதன் பிழையும்

முன்னுரை

ஆங்கிலப் புதின ஆசிரியர் ஜேன் ஆஸ்டின், ‘முதல் மனப்பதிவுகள்’ எனப் பொருள்படும் தலைப்பில் 1796-97ஆம் ஆண்டுகளில் ஒரு புதினத்தை எழுதினார். அதுவே திருத்தம் பெற்று, 1813இல் ‘பிரைடு அண்டு பிரெஜுடிஸ்’ (பெருமிதமும் தப்பெண்ணமும்) என வெளிவந்தது. முதல் தோற்றம் ஏமாற்றும் என்பதே இதன் கருத்து எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. எனினும், கதைத்தலைவி எலிசபெத்தின் முதல் மதிப்பீடுகள் யாவும் பிழைபடவில்லை. அவை எங்கு, எதனால் பிழைபடுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மூவர் குறித்த மதிப்பீடுகள்

உறவினனான காலின்சை நேரில் காண்பதற்கு முன்பே, அவனது கடித நடையைக் கொண்டு அவன் அறிவுடையவன்தானா என எலிசபெத் ஐயுறுகிறாள் (இயல் 13). அவனது வருகை அந்த ஐயத்தை உறுதிசெய்கிறது. ஆகவே, ஆளறியும் திறன் அவளிடம் இல்லாமலில்லை.

டார்சியைப் பற்றிய மதிப்பீடு பாதி உண்மையானது. மெரிட்டன் நடன அரங்கில் அவன் அவளுடன் ஆட மறுத்து, அவளது தோற்றத்தைக் குறைத்துப் பேசுவது அவள் செவியில் விழுகிறது. அவனைச் செருக்குடையவன் என அவள் கருதுவது தவறன்று. முதன்முறை மணம் வேண்டும்போதும் அவன் அவளது குடும்பத்தின் தாழ்நிலையையே விரித்துரைக்கிறான் (இயல் 34). செருக்குடையவன் அநீதியும் இழைத்திருப்பான் என்னும் அனுமானமே பிழையானது.

விக்கமைப் பற்றிய மதிப்பீடு முற்றிலும் பிழையானது. டார்சி தனக்குரிய வாழ்வைப் பறித்துவிட்டதாக அவன், அறிமுகமான மறுநாளே எலிசபெத்திடம் கூறுகிறான் (இயல் 16). டார்சியின் தந்தைமீதுள்ள மதிப்பால் இதனை வெளிப்படுத்தமாட்டேன் என்றவன், டார்சி ஊரை நீங்கியதும் பலரறியப் பேசுகிறான். டார்சியைக் காண அஞ்சேன் என்றவன், நெதர்ஃபீல்டு நடனத்திற்கு வராது ஒதுங்குகிறான். இம்முரண்களை அவள் கண்டும் கருத்திற் கொள்ளவில்லை. விக்கம் உரிமைக்கு ஈடாக 3,000 பவுண்டு பெற்றதையும், 15 வயதான ஜார்ஜியானாவை உடன்போக்குக்கு இணங்கவைத்ததையும் டார்சியின் கடிதம் தெரிவித்த பின்னரே (இயல் 35) அவை அவளுக்குச் சான்றுகளாகின்றன.

பிழையின் காரணம்

காலின்சின் கடிதத்தைப் படித்தபோது எலிசபெத்தின் தன்மதிப்பு அதில் தொடர்புறவில்லை. டார்சி அதனைப் புண்படுத்தினான். விக்கம் அதனை மகிழ்வித்தான். அவ்விரு இடங்களிலேயே அவளது மதிப்பீடு தடுமாறுகிறது. இவ்வுண்மையை 36ஆம் இயலில் அவளே உணர்கிறாள். விக்கமின் நற்செயல் ஒன்றை நினைவுகூர முயன்றும், அவனது இனிய தோற்றமும் பழகும் பாங்குமே அவள் நினைவில் எழுகின்றன.

வாசகரின் பங்கு

டார்சியின் உள்ளம் எலிசபெத்தை நாடத் தொடங்கியதைக் கதைசொல்லி 6ஆம் இயலிலேயே வாசகருக்கு அறிவித்துவிடுகிறார். எலிசபெத் அதை அறியாள். அவளினும் மிகுதியாக அறிந்திருந்தும், வாசகரும் விக்கமை நம்புகின்றனர். கதை பெரிதும் அவளது நோக்கின்வழியே நகர்வதும், அவளது நகைச்சுவைப் பேச்சு வாசகரைக் கவர்வதும் இதற்குக் காரணங்களாகும்.

முடிவுரை

முதல் மதிப்பீட்டை அறவே விலக்குமாறு இப்புதினம் கூறவில்லை. கண்டது எது, கண்டதிலிருந்து ஊகித்தது எது, இடையே நம் தன்மதிப்பு புகுந்துள்ளதா என வினவவே அது பயிற்றுகிறது. வகுப்பறையில் 36ஆம் இயலை முடித்தபின் 16ஆம் இயலை மீண்டும் படிக்கச் செய்தால், மாணவர் தம் முதல் வாசிப்பில் எவற்றைக் கண்டும் காணாது விட்டனர் என்பதைத் தாமே அறிவர்.