இறாலுக்கு உதவும் நுண்ணங்கிகள்

சிலாபம் தொடக்கம் புத்தளம் வரையுள்ள கரையோரத்தில் 1980ஆம் ஆண்டுகளில் இறால் வளர்ப்பு வேகமாகப் பரவியது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது பல குளங்கள் சில நாட்களிலேயே வெறுமையாகின. கடன்பட்டுக் குஞ்சு விட்ட சிறு பண்ணையாளரே பெரிதும் பாதிக்கப்பட்டனர். இன்று "புரோபயோட்டிக்" என்னும் பெயரில் பலவகைப் பொதிகள் விற்பனையாகின்றன. பணத்தைச் செலவிடுமுன் இவை எதற்கு உதவும், எதற்கு உதவா என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இவை யாவை?

புரோபயோட்டிக் என்பது உண்ணும் உயிருக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணங்கிகளாகும். இறால் தீனியில் பெரும்பாலும் பசிலஸ், லக்ரோபசிலஸ் ஆகிய பற்றீரியாக்களும் மதுவமும் சேர்க்கப்படுகின்றன. பசிலஸ் வித்தியாக உறங்கக் கூடியது. ஆகவே வெப்பத்தையும் நீண்டகாலச் சேமிப்பையும் ஏனையவற்றிலும் நன்கு தாங்கும்.

எவ்வாறு உதவுகின்றன?

இறாலின் உடல் நம்முடையதைப் போல் நோயெதிர்ப்புப் பிறபொருளெதிரிகளை உண்டாக்குவதில்லை. எனவே குடலையும் குளத்தையும் தூய்மையாக வைத்திருப்பதே அதற்குப் பாதுகாப்பு. நல்ல பற்றீரியாக்கள் குடலில் இடம் பிடித்து, நோய் தரும் விப்ரியோ பெருகுவதைத் தடுக்கின்றன. அவை சுரக்கும் நொதியங்கள் தீனி நன்கு சமிபாடடைய உதவுகின்றன. குளத்தில் இட்டால் அடியில் தேங்கும் எச்சத்தையும் மிஞ்சிய தீனியையும் சிதைக்கின்றன. அப்போது ஒட்சிசன் செலவாகும். காற்றூட்டும் சக்கரங்கள் ஓடவேண்டும்.

நுண்ணுயிர்கொல்லி மருந்துகளை இட்டால் விப்ரியோ நாளடைவில் அவற்றுக்குப் பழகிவிடும். இறைச்சியிலும் எச்சம் தங்கும். சீனத்து இறாலில் குளோரம்பெனிக்கோல் காணப்பட்டதையடுத்து 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டு இறாலை நிறுத்தியது நினைவிருக்கலாம்.

கையாளும் முறை

1. பொதியில் நுண்ணங்கியின் பெயர், எண்ணிக்கை, காலாவதித் திகதி உள்ளனவா எனப் பாருங்கள். இல்லையேல் வாங்காதீர்கள்.
2. வெயில் படாத, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.
3. குறிப்பிட்ட அளவைச் சுத்தமான நீரில் கரைத்துத் தீனியில் தெளித்து, சிறிது மீனெண்ணெய் பூசி, நிழலில் உலர்த்தி அன்றே இடுங்கள்.
4. குடலில் இவை நிலைத்திருப்பதில்லை. இடைவிடாது கொடுத்தல் வேண்டும்.
5. நுண்ணுயிர்கொல்லியுடன் சேர்த்துக் கொடுக்கவேண்டாம். குளோரின் இட்ட நீரில் அது முற்றாக நீங்கிய பின்னரே இடுங்கள்.

கணக்குப் பாருங்கள்

ஒரே அளவான இரு குளங்களில் ஒன்றுக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். 1,500 கிலோ தீனிக்கு 1,000 கிலோ இறால் கிடைத்தால் விகிதம் 1.5. அது 1.4 ஆகக் குறைந்தால் 100 கிலோ தீனி மிச்சம். அத்தீனியின் விலை பொதியின் விலையிலும் கூடியதா? ஒரு போகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மருந்தல்ல

வெண்புள்ளி ஒரு வைரசு நோய். அதை மாற்றும் புரோபயோட்டிக் எதுவுமில்லை. அப்படிச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். சோதித்த குஞ்சு, அளவான அடர்த்தி, வலயப் பயிர்க்காலத்தை மதித்தல் என்பனவே முதற்காவல். நோயுற்ற குளத்தின் நீரைக் கால்வாயில் திறந்துவிட்டால், அடுத்த பண்ணையாளரின் நல்ல நுண்ணங்கிகள் அவரைக் காப்பாற்றமாட்டா. ஒரே நீரைப் பகிரும் நாம் ஒருவருக்கொருவர் பொறுப்பாளிகள் என்பதை மறவாதிருப்போம்.