மளிகை லிஸ்ட்டுல ஆரம்பிக்கிற டயட்

உடம்பைக் குறைக்கணும்னு முடிவு பண்ணின உடனே நம்ம ஆளுங்க முதல்ல பண்றது ஷாப்பிங். ஓட்ஸ், சியா விதை, கிரீன் டீ, ஒரு சின்ன பாட்டில் ஆலிவ் ஆயில். பில்லு ஆயிரத்தைத் தாண்டிடும். அடுத்த மாசம் பார்த்தா ஓட்ஸ் டப்பாவுல வண்டு ஓடும்.

இன்னைக்கு அந்தப் பக்கமே போகப் போறதில்ல. மாசாமாசம் நீங்க போடுற மளிகை லிஸ்ட், ரேஷன் கடை, காய்கறிக் கடை, டீக்கடை. இந்த நாலு இடத்துல ஏற்கெனவே செலவாகிற பணத்தைத்தான் கொஞ்சம் இடம் மாத்தப் போறோம்.

முதல்ல ஒரு கணக்கு. தமிழ்நாட்டு ரேஷன்ல பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஒரு லிட்டர் எண்ணெய்ல 8,000 கலோரிக்கு மேல இருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் கலோரின்னு வெச்சுக்கிட்டா, நாலு நாளைக்கான மொத்த சக்தி அந்த ஒரு பாக்கெட்ல. அரிசி இலவசம். இப்ப அதே 25 ரூபாய்க்கு முட்டை வாங்கப் போங்க. மிஞ்சிப் போனா நாலு கிடைக்கும். மொத்தமே 280 கலோரி. நம்ம ஊர்ல கலோரி அவ்வளவு மலிவு. புரதமும் காய்கறியும்தான் காசு கேக்குது. அதனால கையில பணம் இறுக்கமான மாசம் தட்டுல சோறு ஏறும், எண்ணெய் ஏறும், பருப்பும் காயும் இறங்கும். வருமானம் குறைஞ்ச வீட்டுலயும் தொப்பை, சுகர் வர்றதுக்கு இது ஒரு முக்கியமான காரணம். “வாயைக் கட்டத் தெரியல”ன்னு அவங்களைத் திட்டுறதுல எனக்கு உடன்பாடு கிடையாது.

சரி, லிஸ்ட்டை எடுங்க. முதல் வரி எண்ணெய்.

ஐதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல புது உணவு வழிகாட்டி வெளியிட்டாங்க. அதுல ரெண்டாயிரம் கலோரி சாப்பாட்டுக்கு எண்ணெய், கொழுப்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 27 கிராம் போதும்னு வெச்சிருக்காங்க. மாசத்துக்குப் பார்த்தா ஆளுக்குக் கிட்டத்தட்ட 900 மில்லி. எடை குறைக்கிறவங்க அரை லிட்டர் பக்கம் வந்தா நல்லது. நாலு பேர் இருக்கிற வீட்டுல மாசம் எத்தனை பாக்கெட் வெட்டுறீங்கன்னு எண்ணிப் பாருங்க. அஞ்சு, ஆறுன்னு வந்துச்சுன்னா, உங்க டயட்டோட பாதி வேலை அங்கேயே இருக்கு.

(மேசையில் எண்ணெய்த் தூக்கு, ஒரு டீஸ்பூன், தோசைக்கல்)

இதைப் பாருங்க. இந்த ஸ்பூன்ல ஒரு ஸ்பூன் எண்ணெய், 5 மில்லி, 40 கலோரிக்கு மேல. தோசைக்குச் சுத்தி ஒண்ணு, திருப்பிப் போட்டு ஒண்ணு. மூணு தோசைக்கு ஆறு ஸ்பூன். மாவை விடுங்க, எண்ணெய் மட்டும் 240 கலோரி. இது ஸ்பூன்ல ஊத்துறவங்களுக்கு. பாக்கெட்டோட ஓரத்தைக் கத்தரிச்சு அப்படியே கல்லு மேல சாய்க்கிறவங்க கணக்கை நான் சொல்லல, உங்களுக்கே தெரியும். ரெண்டா வெட்டுன வெங்காயத்துல எண்ணெய் தொட்டுக் கல்லைத் தேய்ச்சா போதும், தோசை ஒட்டாம வரும். மாசம் பொறந்ததும் அந்த மாச எண்ணெயை ஒரே தூக்குல ஊத்தி, பாதி அளவுல ஒரு டேப் ஒட்டி “15-ம் தேதி”ன்னு எழுதுங்க. எட்டாம் தேதியே டேப்புக்குக் கீழ போயிடுச்சுன்னா அந்த வாரம் அப்பளம், வத்தல் பொரிக்கிறதை நிறுத்தணும்னு வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.

அடுத்து அரிசி. சோறே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். சோத்தை விட்டவங்க பெரும்பாலும் ரெண்டு வாரத்துல ஒரு பிரியாணியோட திரும்பி வந்துடுவாங்க. 200 மில்லி டம்ளர்ல ஒரு டம்ளர் சமைக்காத அரிசி அளந்தா ஏறக்குறைய 170 கிராம், கிட்டத்தட்ட 600 கலோரி. அதே வழிகாட்டியில நாள் முழுக்க தானியம் 250 கிராம்தான், அதுவும் சமைக்காத எடையில. இட்லி மாவுல இருக்கிற அரிசியும் சேர்த்து ஒன்றரை டம்ளர். நம்ம எங்க இருக்கோம்? மதியம் ஒருத்தருக்கே ஒரு டம்ளர் வடிக்கிற வீடு நிறைய இருக்கு.

வழக்கமா நாலு டம்ளர் போடுற வீட்டுல மூணு போடுங்க. தட்டுல குறைக்கிறதை விட பானையில குறைக்கிறது சுலபம். ஏன்னா மீந்த சோறு எங்க போகுது? “வீணாகுதே”ன்னு மனசு கேக்காம, எல்லாருக்கும் பரிமாறிட்டு கடைசியா உக்காருற அம்மா சாப்பிட்டுடுவாங்க. பல வீட்டுல அம்மாவுக்கு மட்டும் எடை ஏறுறதுக்கு இதுவும் ஒரு காரணம், யாரும் கவனிக்கிறதில்ல.

சாமை, தினை, வரகுக்கு மாறலாமான்னு கேப்பீங்க. மாறலாம், நார்ச்சத்து கூட, சீக்கிரம் வயிறு நிறையும். ஆனா கலோரி அரிசிக்குக் கிட்டத்தட்ட சமம்தான். விலையும் அரிசியை விடக் கூட. கட்டுப்படி ஆகலன்னா கேழ்வரகு வாங்குங்க, அதுல சுண்ணாம்புச் சத்தும் நல்லா இருக்கு. கொள்ளு கொழுப்பைக் கரைக்கும்னு சொல்றது உண்மை இல்ல, எந்தத் தானியமும் பயறும் உடம்புக் கொழுப்பைக் கரைக்காது. ஆனா கொள்ளு புரதம் நிறைஞ்ச மலிவான பயறு. அந்த மரியாதையோட ரசம் வெச்சுச் சாப்பிடுங்க.

இப்பதான் முக்கியமான இடத்துக்கு வர்றோம். புரதம்.

ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், கார்டுக்கு ஒரு கிலோ. நாலு பேர் வீட்டுல ஒரு மாசத்துக்குப் பிரிச்சா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் வருது. வழிகாட்டி சொல்றது பருப்பு, பயறு எல்லாம் சேர்த்து 85 கிராம்! அதனாலதான் நம்ம சாம்பார்ல பருப்பைத் தேட வேண்டியிருக்கு, கிடைக்கிறது புளித்தண்ணியும் முருங்கைக்காயும். புரதம் குறைஞ்சா பசி அடங்காது, நாலு மணிக்கே பிஸ்கட் பாக்கெட்டைக் கை தேடும்.

85 கிராமையும் துவரம்பருப்புலயே பிடிக்கணும்னா பட்ஜெட் தாங்காது. கலந்து பிடிக்கணும். ஒரு முட்டையில ஆறு கிராம் புரதம். கறுப்புக் கொண்டக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு எதுவா இருந்தாலும் காஞ்ச எடையில நூறு கிராமுக்கு இருபது கிராம் பக்கம் புரதம். மீல் மேக்கர் நூறு கிராம்ல ஐம்பது கிராம் புரதம், கடை விலைக்குப் பார்த்தா ரொம்ப மலிவு. கடற்கரைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு மத்தி மீன். தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கம் சாளைன்னு சொல்வாங்க. வஞ்சிரம் வாங்குற காசுல பல மடங்கு வாங்கலாம். பொரிக்காம குழம்பு வைங்க. வேர்க்கடலையும் நல்லதுதான், ஆனா நூறு கிராம்ல 560 கலோரிக்கு மேல, அதனால ஒரு கைப்பிடியோட நிறுத்திக்கணும்.

காசு எங்கிருந்து வரும்? டீக்கடையில இருந்து. தினமும் சாயங்காலம் டீயோட ஒரு வடை, ஒரு பஜ்ஜி, டீயை விட்டுட்டுப் பார்த்தா கிட்டத்தட்ட 20 ரூபாய். அந்த 20 ரூபாய் தினமும் கிட்டத்தட்ட மூணு முட்டை. வடை, பஜ்ஜி ரெண்டும் சேர்ந்தா 250 கலோரி பக்கம் வரும், மூணு அவிச்ச முட்டை 210 தான், அதுல 18 கிராம் புரதம் இருக்கு. டீயை நிறுத்த வேண்டாம். “அண்ணே, சக்கரை கம்மி”ன்னு சொல்லுங்க, பத்து நாள்ல நாக்கு பழகிடும்.

காய் விஷயத்துல சுருக்கமா முடிச்சிடுறேன். சுரைக்காய், பூசணி, புடலங்காய், முள்ளங்கி, வாழைத்தண்டு, கீரை. மலிவான காய் எல்லாமே பெரும்பாலும் தண்ணியும் நாரும்தான், எடை குறைக்கிறவங்களுக்கு அதுதான் வேணும். பக்கத்துல உழவர் சந்தை இருந்தா காலையில போங்க. 1999-ல மதுரையில முதல் சந்தை திறந்ததே இடைத்தரகர் இல்லாம விவசாயி நேரா விக்கிறதுக்காகத்தான். காய் வாங்கிட்டு வந்து அரை மூடித் தேங்காயைத் துருவிக் கொட்டிடாதீங்க, தேங்காயும் நூறு கிராமுக்கு 350 கலோரி.

எவ்வளவு குறையும்? ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரின்னு ஒரு கணக்கு இருக்கு. தினம் 500 கலோரி குறைச்சா வாரம் அரைக் கிலோ. முதல் வாரம் ரெண்டு கிலோ இறங்குனா துள்ளிக் குதிக்காதீங்க, அதுல பெரும்பகுதி தண்ணி. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் எடை பாருங்க. மெஷின் இல்லன்னா தையல் டேப் போதும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினா கவனிக்கணும். நடைப்பயிற்சி அவசியம் வேணும், ஆனா அரை மணி நேரம் நடந்தா போறது நூறு, நூத்தம்பது கலோரி. வீட்டுக்கு வர்ற வழியில ஒரு சமோசா சாப்பிட்டா கணக்கு தலைகீழாயிடும்.

சுகருக்கு மாத்திரை போடுறவங்க, இன்சுலின் எடுக்கிறவங்க ஒரு நாள்ல சோத்தைப் பாதியாக்காதீங்க. சர்க்கரை திடீர்னு இறங்கி மயக்கம் வரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டரைப் பார்த்து மாத்திரை அளவைக் கேட்டுக்கிட்டு ஆரம்பிங்க. சிறுநீரகத்துல பிரச்சினை இருக்கிறவங்க புரதத்தைக் கூட்டுறதுக்கு முன்னாடியும் கேக்கணும்.

கடைசியா, மேன்ஷன்லயும் ஹாஸ்டல்லயும் தங்கி மெஸ்ல சாப்பிடுறவங்க. உங்களுக்கு மளிகை லிஸ்ட்டே கிடையாது. முதல்ல பொரியல், கூட்டை முடிச்சிட்டு அப்புறம் சோத்துல கை வைங்க. அன்லிமிடெட் மீல்ஸ்னா ரெண்டாவது தடவை சோறு கொண்டு வரும்போது “சோறு வேணாம்ணே, பொரியல் கொஞ்சம் வைங்க”ன்னு கேளுங்க. பெரும்பாலான மெஸ்ல வைப்பாங்க. முகம் சுளிச்சா பக்கத்து மெஸ்ஸை விசாரிங்க.