மணிக்கட்டில் ஊசி, மூளைத்தண்டில் மறுமொழி

கழுத்து வலிக்கும் முழங்கால் வலிக்கும் அக்குபஞ்சர் செய்துகொள்வது மலேசிய, சிங்கப்பூர் மக்களுக்குப் புதிதல்ல. சில வேளைகளில் சீன வைத்தியர், குத்திய ஊசிகளில் சிறு கவ்விகளை மாட்டி மெல்லிய மின்சாரத்தைச் செலுத்துவார். இதுவே மின் அக்குபஞ்சர். ஊசிக்குப் பக்கத்தில் தசை துள்ளுவதைப் படுத்திருப்பவர் உணர்வார். வைத்தியர் கருவியின் குமிழைத் திருகுவதையும் பார்ப்பார். ஆனால், அந்தக் குமிழ் எதை மாற்றுகிறது என்று பெரும்பாலோர் கேட்பதில்லை.

அது மாற்றுவது மின்சாரத்தின் வலிமையையும், ஒரு விநாடிக்கு எத்தனை துடிப்புகள் என்பதையும்தான். இந்தத் துடிப்பு எண்ணிக்கையை ஹெர்ட்ஸ் என்ற அளவால் குறிப்பர். ஊசி எந்த இடத்தில் இறங்குகிறது, துடிப்பு எவ்வளவு வேகம் என்ற இரண்டையும் பொறுத்தே மூளைத்தண்டின் மறுமொழி அமைகிறது. இதனை ஆய்வுக்கூடங்கள் படிப்படியாக நிறுவியுள்ளன.

வேகத்திற்கு ஏற்ற மருந்து

பெய்ஜிங்கில் பேராசிரியர் ஹான் ஜிஷெங் 1960களின் நடுப்பகுதியில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள ஹேகு புள்ளியில் ஊசி குத்தியபோது, வலியைத் தாங்கும் திறன் உடனே உயரவில்லை. அது மெல்ல மெல்லக் கூடி, உச்சத்தை எட்ட ஏறத்தாழ அரை மணி நேரம் பிடித்தது. ஊசியை எடுத்த பிறகும் அது படிப்படியாகவே இறங்கியது. உடலுக்குள் ஏதோ ஒரு ரசாயனம் சுரக்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

1975ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் ஆகிய இருவரும் என்கெஃபலின் என்ற பொருளைக் கண்டறிந்தனர். மூளை தானே தயாரிக்கும், அபினைப் போன்று வேலை செய்யும் வலிநிவாரணி இது. பின்னர் ஹானின் குழுவினர் மின் துடிப்பின் வேகத்தை மாற்றிப் பார்த்தனர். விநாடிக்கு 2 துடிப்புகள் கொடுத்தால் என்கெஃபலினும் எண்டார்ஃபினும் சுரந்தன. 100 துடிப்புகள் கொடுத்தால் டைனார்ஃபின் என்ற வேறொரு பொருள் தண்டுவடத்தில் சுரந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் எல்லாம் சேர்ந்து சுரந்தன. ஆக, வேகம் என்பது எந்த மருந்துப் பெட்டியைத் திறப்பது என்பதைத் தீர்மானிக்கிறது.

இடத்திற்கு ஏற்ற நரம்பு

மூளைத்தண்டின் அடிப்பகுதிக்கு முகுளம் என்று பெயர். இரத்தக் குழாய்களை இறுக்கமாக வைத்திருக்கும்படி ஆணை அனுப்பும் நரம்பணுக் கூட்டம் ஒன்று அங்கே உள்ளது. அது அளவுக்கு மீறி வேலை செய்தால் இரத்த அழுத்தம் ஏறும்.

அமெரிக்காவின் இர்வைன் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஜான் லாங்ஹர்ஸ்ட் குழுவினர் இந்த நரம்பணுக்களைப் பூனைகளிடமும் எலிகளிடமும் ஆராய்ந்தனர். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உள்ளங்கைப் பக்கமாக நெய்குவான் என்ற புள்ளி உள்ளது. அதன் அடியில் மீடியன் என்ற பெரிய நரம்பு ஓடுகிறது. அங்கே 2 ஹெர்ட்ஸ் துடிப்பு கொடுத்தபோது முகுளத்தின் நரம்பணுக்கள் அடங்கின. வேண்டுமென்றே உயர்த்தப்பட்ட அழுத்தமும் அவ்வளவாக ஏறவில்லை. தோலுக்கடியிலுள்ள மேலோட்டமான நரம்புகளின் மீது அமைந்த புள்ளிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதே இடத்தில் வேகத்தை 100 ஹெர்ட்ஸாகக் கூட்டியபோதும் பலன் இல்லை.

2021ஆம் ஆண்டில் நேச்சர் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை இதனை வேறொரு கோணத்தில் உறுதிப்படுத்தியது. முழங்காலுக்குக் கீழே உள்ள ஜூசான்லி புள்ளியில் மெல்லிய மின்சாரம் கொடுத்தால், எலிகளின் மூளைத்தண்டிலிருந்து புறப்படும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு அழற்சி தணிந்தது. வயிற்றுப் பகுதிப் புள்ளியில் கொடுத்தால் அவ்வாறு நிகழவில்லை. காலின் ஆழமான திசுக்களில் பரவியிருக்கும் ஒரு குறிப்பிட்ட வகை நரம்பிழைகள் வயிற்றுத் திசுக்களில் இல்லாததே காரணம்.

மாத்திரையை நிறுத்தலாமா?

இங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. லாங்ஹர்ஸ்ட் குழுவினர் 2015ஆம் ஆண்டில், மாத்திரை உட்கொள்ளாத 65 உயர் இரத்த அழுத்த நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டனர். வாரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம், 8 வாரங்கள் சிகிச்சை நடந்தது. சரியான புள்ளிகளில் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 70 விழுக்காட்டினருக்கு அழுத்தம் குறைந்தது. வேறு புள்ளிகளில் ஊசி ஏற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

ஆனால், குறைந்த அளவு எவ்வளவு? மேல் அளவில் சராசரியாக 6 முதல் 8 வரை. கீழ் அளவில் 4. அழுத்தம் 160 உள்ள ஒருவருக்கு 8 குறைந்தால் 152 ஆகும். அது இன்னமும் அபாய அளவே. ஊசி கைகொடுக்கிறது என்ற நம்பிக்கையில் மாத்திரையைத் தூக்கிப் போடுபவர், பக்கவாதத்திற்கு வழி திறந்துவிடுகிறார்.

ஆகவே, மருத்துவர் கொடுத்த மாத்திரையோடு துணைச் சிகிச்சையாக மட்டுமே இதனை ஏற்க வேண்டும். பதிவு பெற்ற வைத்தியரையே நாட வேண்டும். ஒருமுறை மட்டுமே பயன்படும் ஊசியா என்று கேட்டு உறுதி செய்துகொள்வது நோயாளியின் உரிமை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் மின் அக்குபஞ்சருக்குப் படுக்கக் கூடாது.

அடுத்த முறை வைத்தியர் குமிழைத் திருகும்போது, “எந்தப் புள்ளி, எத்தனை ஹெர்ட்ஸ், எதற்காக?” என்று தயங்காமல் கேட்கலாம். விவரம் தெரிந்த வைத்தியரிடம் அதற்குப் பதில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அழுத்தத்தை அளந்து குறித்து வைத்து, மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் அந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்ட வேண்டும். மாத்திரையின் அளவைக் குறைப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்வார்.