பேனரில் இருக்கிற முகம் யாருக்குச் சொந்தம்?

போன வருஷம் ஜூன் மாதம் கெங்கவல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியின் அட்மிஷன் பேனர் வைத்திருந்தார்கள். நடுவில் கபடி ஜெர்சியில் என் அக்கா மகள். எனக்கு ஒரே சந்தோஷம். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் எல்லாம் வைத்தேன்.

அவளோ அப்போது முழங்காலில் லிகமென்ட் கிழிந்து வீட்டில் இருந்தாள். விளையாட முடியாததால் ஸ்போர்ட்ஸ் கோட்டா சலுகை இனி கிடையாது, மூன்றாம் வருஷ ஃபீஸைக் கட்டணும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். "கால் போனதும் சீட்டுக்குக் காசு கேக்கிறாங்க. என் மூஞ்சி மட்டும் எதுக்கு மாமா இன்னும் அங்க தொங்குது?" என்று கேட்டாள். அதற்குப் பதில் தேடிப் படித்த குறிப்புகள் இவை.

இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் சந்தித்த நாடு அமெரிக்கா. அங்கே கல்லூரி விளையாட்டில் கோடி கோடியாகப் பணம் புரளும். ஆனால் மாணவர் தன் பெயரையோ படத்தையோ வைத்துச் சம்பாதிக்கக் கூடாது என்று விதி இருந்தது. எட் ஓபானன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர், ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஓர் ஆட்டக்காரர் இருப்பதைப் பார்த்து 2009-ல் வழக்குப் போட்டார். பல வழக்குகளுக்குப் பிறகு 2021 ஜூலையில் அந்தத் தடை விலகியது. 2025-ல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கவும் வழி பிறந்தது.

நம்ம ஊரில் அப்படி ஒரு தடை இருந்ததால் வந்த பிரச்சினை இல்லை இது. இங்கே அந்தப் பேச்சே எழுவதில்லை. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றபோது தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. அது வெற்றிக்கான பரிசு. முகத்துக்கான விலை வேறு கணக்கு. 2021-ல் பி.வி. சிந்து டோக்கியோவில் வெண்கலம் வென்றதும், அனுமதி வாங்காமல் அவர் படத்தைப் போட்டு 'வாழ்த்து' சொன்ன நிறுவனங்கள் மேல் அவருடைய ஏஜென்சி சட்ட நடவடிக்கையில் இறங்கியது. பிரபலமானவரின் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்த முடியாது என்று 2015-லேயே ரஜினிகாந்த் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒரு தாலுகாவுக்குள் மட்டும் பிரபலமான கபடிப் பிள்ளைக்கு ஏஜென்சி ஏது, வக்கீல் ஏது?

"சீட்டே இலவசமா குடுத்தோமே, அதுக்கு மேல என்ன?" என்று கல்லூரிக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் சின்னத் தொகை இல்லை. ஆனால் ஆட்டம் நின்றதும் சலுகையும் நின்றுவிட்டது. அப்படியென்றால் அந்தச் சலுகை ஆட்டத்துக்கான கூலி மட்டும்தான். முகத்துக்கு யாரும் எதுவும் தரவில்லை என்பதற்கு அவர்கள் கணக்கே சாட்சி.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கபடியில் களத்தில் நிற்பது ஏழு பேர். பேனரில் வருவது பெரும்பாலும் ரெய்டர். அவளுக்கு மட்டும் காசு கொடுத்தால், பின்னால் நின்று பிடித்தவளுக்கு? அமெரிக்காவிலும் பெரும் பணம் ஃபுட்பால், கூடைப்பந்து ஆடும் பையன்களுக்கே போகிறது. அதனால் விளம்பரத்துக்குத் தரும் தொகையில் ஒரு பங்கு டீமுக்கும் போகட்டும் என்பேன்.

மற்றபடி நான் கேட்பது ஒரு பக்கத் தாள். படம் எங்கே, எத்தனை நாள் வரும், அதற்கு என்ன தருவார்கள் என்று அதில் எழுதியிருக்கணும். படம் தொங்கும் வரை, அடிபட்டாலும் ஃபீஸ் சலுகை தொடரணும்.

நாங்கள் போய்க் கேட்டதும் பேனரைக் கழற்றிவிட்டார்கள். ஃபீஸை அக்கா நகையை அடகு வைத்துக் கட்டினாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஒரு தாளைக் கேட்டு வாங்குங்க. நாங்க கேக்கலை.